சக்கரத்துக்குள் மோட்டார்: காந்தம் தடித்தால் போதுமா?

கேள்வி: ஐயா, ஈரோட்டில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஸ்கூட்டரின் 10 இஞ்ச் சக்கரத்துக்குள் அடங்கும் ஹப் மோட்டார்தான் எங்கள் புராஜெக்ட். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏற வேண்டும். 3 மி.மீ. காந்தத்துக்குப் பதிலாக 6 மி.மீ. போட்டால் மோட்டார் அகலத்தைப் பாதியாக்கலாம் என்கிறான் நண்பன். சரிதானா?

பதில்: பாதியாகாது தம்பி. காந்தத்துக்கும் ஸ்டேட்டருக்கும் (செம்புக் கம்பி சுற்றிய, சுழலாத இரும்புப் பகுதி) நடுவே 0.8 மி.மீ. இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 3 மி.மீ. காந்தமே தன் வலுவில் சுமார் 79 சதவீதத்தை இடைவெளியில் தந்துவிடும். 6 மி.மீ. போட்டால் 88. காந்தத்துக்கு இரட்டைச் செலவு, வரவு எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டேட்டரின் இரும்புப் பல் இனி காந்தப் புலத்தை ஏற்காத அளவுக்கு நிறைந்துவிட்டால் அதுவும் வராது.

டார்க்கிலிருந்து, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையிலிருந்து, தொடங்குங்கள். வண்டியும் ஆட்களும் 250 கிலோ. பத்தடிக்கு ஓரடி ஏறும் மேடு. டயர் உருளும் தடையையும் சேர்த்தால் சக்கரத்தில் 60 நியூட்டன் மீட்டர் வேண்டியிருக்கும். இடையில் 8 மடங்கு கியர் இருந்தால் மோட்டாருக்கு ஏழெட்டு போதும். ஹப் மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது, முழுப் பாரமும் அதன் தலையில்தான். அதனால் அகலத்தைக் குறைக்கும் முன் விட்டத்தை ரிம் விடும் எல்லைவரை கூட்டுங்கள். விட்டம் 10 சதவீதம் கூடினால், அதே அகலத்தில் டார்க் 21 சதவீதம் கூடும்.

உண்மையான எதிரி சூடு. ஹப் மோட்டாரில் காந்தம் வெளியே சுற்றுகிறது, செம்புச் சுருள் உள்ளே அச்சோடு நிற்கிறது. அதன் சூடு வெளியேற அச்சும் அந்த மெல்லிய காற்றிடைவெளியும்தான் வழி. கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. செம்பு 100 டிகிரி ஏறினால் அதன் தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடி, இன்னும் சுடும்.

நான் முதன்முதலில் செய்த ஹப் மோட்டாரில், விலை பார்த்து, சாதாரண ‘N’ ரக நியோடிமியம் காந்தம் ஒட்டினேன். 80 டிகிரிக்கு மேல் அதை நம்ப முடியாது. மருதமலைப் பாதையில் ஏற்றி இறக்கிய மறுநாள் ஸ்டாண்டில் போட்டுச் சுற்றினால், அதே வோல்டேஜில் சக்கரம் முன்பைவிட வேகமாகச் சுற்றியது. நன்றாகிவிட்டது என்று நினைத்தேன். ரோட்டில் இறக்கினால் இழுவை இல்லை. காந்தம் வலுவிழந்தால் அப்படித்தான்: வேகம் கூடும், டார்க் குறையும். எத்தனையோ நாள் உழைப்பு ஒரே ஏற்றத்தில் போனது. நீங்கள் 150 டிகிரி தாங்கும் ‘SH’ ரகம் வாங்குங்கள். தடிமனுக்கு வைத்த பணத்தை அதற்குக் கொடுங்கள்.

ஸ்டாம்பிங், அதாவது ஸ்டேட்டருக்கு அடுக்கும் இரும்புத் தகடு, 0.5 மி.மீ. வேண்டாம், 0.35 கேளுங்கள். தகட்டுக்குள் சுழலும் மின்னோட்ட இழப்பு பாதியாகிவிடும். வைண்டிங் கட்டும்போதே பல்லிடுக்கான ஸ்லாட்டுக்குள், சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டர் வைத்துவிடுங்கள், வார்னிஷ் போட்ட பிறகு நுழைக்க முடியாது.

மேட்டில் ஓட்டும் முன், ஆறிய நிலையில் சக்கரத்தை வெளியிலிருந்து குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சுற்றி, முனைகளில் வரும் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். ஓட்டி, முழுக்க ஆறிய பின் அதே வேகத்தில் மறுபடி அளங்கள். எண் இறங்கியிருந்தால் காந்தம் அடிபட்டிருக்கிறது.