ஞாபகத்தைப் பற்றிக் கேளுங்கள், வல்லாரையைப் பற்றி வேண்டாம்

நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் வருடம். ஆட்களை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டி, எது மனதில் தங்குகிறது என்று பார்ப்பது என் வேலை (போன வாரம் ஒருவர் உள்ளேயே குறட்டை விட்டார், ஒரு மணி நேரத் தரவு குப்பைக்கு). நான் டாக்டர் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஹிப்போகாம்பஸ் (மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி) போய்விட்டால் எல்லாம் மறந்துவிடுமா?

இல்லை. ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்கட்டும் என்று 1953-ல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். 2008-ல் சாகும்வரை புதிதாகச் சந்தித்த ஆட்கள் மனதில் நிற்கவே இல்லை, சிறுவயதுக் கதைகள் மட்டும் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையைப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே வரையச் சொன்னார். முதல் நாள் பென்சில் கோட்டைத் தாண்டித் தாண்டி ஓடியது. மூன்றாம் நாள் வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் அவரைக் கேட்டால் இதைச் செய்ததாகவே நினைவில்லை. கை கற்றுக்கொண்டது ஆளுக்குத் தெரியவில்லை.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?

என் துறை இல்லை. துவையல் நன்றாக இருக்கும்.

கேள்வி: பரீட்சைக்கு எப்படிப் படிப்பது?

புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்.

கேள்வி: பாட்டி கேட்டதையே கேட்கிறார், என்ன மாத்திரை கொடுக்கலாம்?

நான் டாக்டர் இல்லை. 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் கூட்டிப்போங்கள், வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு கெட்டாலும்கூட மறதி வரும்.

கேள்வி: ஞாபகம் நாளாக நாளாக மாறும் என்கிறார்கள், என் கல்யாண நாள் வீடியோ மாதிரி அப்படியே இருக்கிறதே?

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தி எப்படித் தெரிந்தது என்று நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து 44 பேரிடம் திரும்பக் கேட்டால், 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பழைய தாளைக் கையில் கொடுத்தும் பழைய நினைவு திரும்பவில்லை.

அவரே மறுபடியும்: அது யாரோ டிவியில் பார்த்தது, இது என் கல்யாணம்.

சரி. தாலி கட்டும்போது யார் யார் எங்கே நின்றார்கள் என்று இன்றே எழுதிவையுங்கள், அப்புறம் ஆல்பத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மறுபடியும்: ஆல்பம் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

வாங்கிவந்து சொல்லுங்கள். அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: வல்லாரை மாத்திரையாகச் சாப்பிட்டால்?

துவையல்.