கருப்பை இறக்கத்துக்கு வலை வைக்கும் அறுவை சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு அடி இறங்கியிருக்கிறது. வலை வைத்துத் தைத்தால் மறுபடி இறங்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது. இறங்கிய உறுப்பைத் தாங்க யோனி வழியாகச் செயற்கை இழை வலை (மெஷ்) வைத்தவர்களைப் பரிசோதித்தால், சொந்தத் திசுவை மட்டும் தைத்தவர்களைவிடக் குறைவானவர்களுக்கே மறு இறக்கம் தென்படுகிறது. ஆனால் பரிசோதனையில் மருத்துவர் காண்பது ஒன்று, குனிந்து நிமிரும்போது அந்தப் பெண் உணர்வது வேறொன்று. முதன்முறையாக அறுவை செய்துகொண்ட 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்தும் வலை வைத்தவர்களின் தொந்தரவு மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை; அவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலையாலேயே சிக்கல் வந்தது. எனக்கு இந்தச் சிக்கல் கணக்குதான் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: வலை வைத்து மூன்றாண்டாகிறது. உள்ளே ஏதோ குத்துகிறது, கசிவும் இருக்கிறது. உறவின்போது கணவருக்கும் உறுத்துகிறதாம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட இதில் எதுவுமில்லை, சகோதரி. இது உங்கள் கற்பனையும் அல்ல. யோனிச் சுவர் மெலிந்து வலையின் விளிம்பு வெளியே தெரிந்தால், தூண்டில் நரம்பின் நுனி போலச் சொரசொரவென்று விரலில் தட்டுப்படும். அது பாலிப்ரொப்பிலீன் என்னும் கரையாத பிளாஸ்டிக் இழை. அதை நீங்களாக இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். வெளித்தெரிவது சிறிதென்றால் ஈஸ்ட்ரோஜன் களிம்போ, அந்தத் துண்டை மட்டும் வெட்டி மூடுவதோ போதுமானதாக இருக்கலாம். வலி மிகுந்தால் வலையையே எடுக்க நேரிடும். கண்ணிகளுக்குள் திசு வளர்ந்து பிணைந்திருப்பதால் அது கடினமான அறுவை, எடுத்த பிறகும் சிலருக்கு வலி முழுதாகத் தீர்வதில்லை. ஆகவே வலை அகற்றுவதில் பழகிய மருத்துவரிடம், பழைய அறுவைக் குறிப்புடன் செல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கசிந்தால், வலைதான் காரணம் என்று முடிவுகட்டாமல் கருப்பையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தடை செய்த வலையை எனக்கு வயிற்று வழியாக வைக்கப்போகிறார்களா?

பதில்: 2019 ஏப்ரலில் அங்கே நிறுத்தப்பட்டது, இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலையின் விற்பனை. வயிற்று வழியே யோனியின் உச்சியை முதுகெலும்பின் அடியோடு பிணைக்கும் அறுவை அந்தத் தடையில் இல்லை. அது உச்சியை நன்றாகத் தாங்குகிறது. ஆயினும் ஏழாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வலை துருத்தியது. ஓராண்டுக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: அறுவையே வேண்டாமென்றால்?

பதில்: இறங்கியதைத் தாங்க யோனிக்குள் பொருத்தும் பெசரி வளையமும், இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும் இருக்கின்றன. தொந்தரவில்லாத இறக்கத்துக்குச் சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம்.