எட்டாம் அல்போன்சோவின் மகனா ஒன்பதாம் அல்போன்சோ?

எண் வரிசையை நம்பி இருவரையும் அப்பா, மகனாகப் போட்டதில்தான் நீங்கள் போட்ட இடைக்கால ஸ்பெயின் அரசர்களின் வம்ச அட்டவணை இடிக்கிறது. அவர்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். 1157-இல் ஏழாம் அல்போன்சோ இறந்ததும் மூத்த மகன் மூன்றாம் சான்சோவுக்குக் காஸ்டில், இளைய மகன் இரண்டாம் பெர்னாண்டோவுக்கு லியோன் என நாடு பிரிந்தது. சான்சோ மறு வருடமே இறந்துவிட, காஸ்டில் அரியணை ஏறிய அவருடைய சிறு மகன்தான் எட்டாமவர். ஒன்பதாமவர் பெர்னாண்டோவின் மகன். 1188-இல் லியோனுக்கு அரசரானார்.

அப்புறம், அட்டவணையில் பெரெங்கேலா இரண்டு இடத்தில் வருவது பிழையில்லை. எட்டாமவரின் மகளான அவர் மணந்தது ஒன்பதாமவரை, அதாவது நம் முறையில் சித்தப்பாவை! நெருங்கிய ரத்த உறவென்று போப் மூன்றாம் இன்னொசென்ட் அந்தத் திருமணம் செல்லாது என்றார். ஆனாலும் அவர்கள் மகன் மூன்றாம் பெர்னாண்டோதான் 1230-இல் இரு நாடுகளையும் மறுபடி ஒன்றாக்கினார்.