பதினாறுக்கு அப்பால் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு வயது 43. எட்டு மாதமாக ஓடுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் என் முதல் அரை மாரத்தான். வேறு ஊரில் நடக்கிறது, ராத்திரி முழுக்கப் பயணம். இதுவரை நான் ஓடிய அதிகபட்சம் 16 கி.மீ., 2 மணி 5 நிமிடம். 21 கி.மீ. ஒருமுறைகூட ஓடிப் பார்க்காமல் போகலாமா? பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு முழுத் தூரத்தையும் ஓடிப் பார்த்துவிடட்டுமா? கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்க வேண்டிய கெடு, 3 மணி நேரம். கடைசி ஆளாக வந்து நிற்பேனோ என்று உதறலாக இருக்கிறது. வீட்டில் வேறு, ‘காசு கட்டி, டிக்கெட் போட்டு, அவ்வளவு தூரம் போய் ஏன் ஓடணும்?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

க.

அன்புள்ள க.,

வீட்டுக்காரர்களின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இத்தனை வருடமாக ஏதோ சொல்லி மழுப்பிக்கொண்டிருக்கிறேன். மற்றதற்கு வருகிறேன்.

முந்தின ஞாயிறு 21 ஓடவே ஓடாதீர்கள். அந்த ஓட்டத்தின் பலன் ஒரு வாரத்தில் காலில் வந்து சேராது, களைப்பு மட்டும் கூடவே வரும். தொடக்கக்காரர்களுக்கான பல பயிற்சி அட்டவணைகளில் 16 கி.மீ.தான் உச்சம். இந்த வாரம் இன்னொரு தடவை 16 ஓடுங்கள், அப்புறம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைக்கிற அந்த நாட்களில் முழங்காலில் எங்கோ வலிப்பது போலவே இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும், பந்தயத்தன்று காலையில் காணாமல் போய்விடும்.

கட்-ஆஃப் பயத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முழுத் தூரம் 21.0975 கி.மீ. உங்கள் வேகத்திலேயே 16 கி.மீ.யைத் தாண்டிவிட்டால், மிச்சமுள்ள 5.1 கி.மீ.க்குக் கையில் 55 நிமிடம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 நிமிடம். விறுவிறுவென்று நடந்தே முடித்துவிடலாம். அந்த 3 மணி நேரத்தைத் தொடக்கத் துப்பாக்கியிலிருந்து எண்ணுகிறார்களா, நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்தா என்று மட்டும் விதிமுறையில் பார்த்துவையுங்கள்.

எனக்குக் கவலை பந்தயத்துக்கு முந்தைய நாளைப் பற்றித்தான். முதல் பந்தயத்துக்கு நான் முந்தின நாள் காலையில் போய் இறங்கினேன். பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்கிற எண் அட்டை, வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்றேன். பக்கத்திலேயே கடைகள், அங்கே ஒரு மணி நேரம். வந்தது வந்தோம், ஊரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பி, ராத்திரி அறைக்குத் திரும்பியபோது போனில் இருந்த கணக்கு 19 கி.மீ. நடந்ததாகச் சொன்னது. கிட்டத்தட்ட மொத்தப் பந்தயத்தையும் நடந்தே முடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறேன்! போதாததற்கு அன்றைக்கு வாங்கிய புது சாக்ஸையே மறுநாள் போட்டுக்கொண்டேன். 12-வது கி.மீ.யில் வலது சுண்டுவிரல் ஓரம் சூடாக உரச ஆரம்பித்தது. 15-இல் கொப்புளம் உடைந்தது. மீதித் தூரம் முழுக்கப் பாதத்தை உள்பக்கமாகச் சாய்த்து வைத்தே ஓடினேன். ஒரு வாரம் ஆகியும் இடுப்பு வலி போகவில்லை.

அதனால் ஊரை ஓட்டம் முடிந்தபின் பாருங்கள். பிப்பை வாங்கியதும் அறைக்குப் போய்க் காலை நீட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பயணம் செய்தால் பாதம் வீங்கும், நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். ஓடுகிற ஷூ பெட்டிக்குள் வேண்டாம், காலிலோ கைப்பையிலோ இருக்கட்டும். பெட்டி தொலைந்தால் சட்டை வாங்கிக்கொள்ளலாம், பழகிய ஷூ கிடைக்காது. பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அநேகமாகத் தூக்கம் வராது. பரவாயில்லை. ஆனால் நீங்கள் அதற்கும் முந்தின ராத்திரியைப் பயணத்தில் கழிக்கப் போகிறீர்கள், அதுதான் இடிக்கிறது. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். காலைச் சாப்பாடு, வீட்டில் நீண்ட ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிடுவீர்களோ அதேதான்.

அப்புறம் தொடக்கம். கூட்டம், பாட்டு, கைதட்டல். முதல் மூன்று கி.மீ. காற்றில் மிதப்பது போல இருக்கும், நம்பாதீர்கள். உங்கள் பிப்பில் நேரம் பதிகிற சிப் இருந்து, தொடக்கக் கோட்டிலும் அந்தச் சிப்பைப் படிக்கிற பாய் விரித்திருந்தால், உங்கள் நேரம் நீங்கள் அதை மிதித்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். முண்டியடிக்க வேண்டியதில்லை. 2018-இல் பெர்லினில் கென்யாவின் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. அவரே முதல் பாதியில் அடக்கி வாசித்திருக்கிறார். தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை வேகமாக ஓடினால் வேகமாகக் கரையும், அவ்வளவுதான் விஷயம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். வழியில் தண்ணீர் வைத்திருக்கிற ஒவ்வொரு மேஜையிலும் வயிறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடலாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கடிகாரம் 21.1 கி.மீ. காட்டும்போது முடிவுக் கோடு இன்னும் கொஞ்சம் தள்ளியே இருக்கும். முதல் தடவை, அளவு தெரியாதவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓடினேன். அவர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். சான்றிதழ் பெற்ற பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி, வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியாக அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவும் சேர்ப்பார்கள். நாம் ஆளை விலக்கி, தண்ணீருக்கு ஒதுங்கி, வளைவை அகலமாகச் சுற்றி ஓடுகிறோம். கடிகாரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தப்பும். ஆகவே 21.4 ஓடுவதாகவே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்பை முந்தின ராத்திரியே சட்டையில் குத்திவிடுங்கள். குத்தும்போது முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துக் குத்திவிட்டீர்களா என்று ஒரு தடவை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு, இருட்டில், தலை நுழையாமல் நின்றவன் சொல்கிறேன்.