எஸ்பிஎஃப் 30 என்றால் என்ன? தயிரும் தக்காளியும் அந்த வேலையைச் செய்யுமா?

தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புறஊதா பி கதிர்களை ஒரு சன்ஸ்கிரீன் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்பிஎஃப். 30 என்றால் ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. மாவுச் சல்லடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: நூறு குருணை போட்டால் 30 எண் சல்லடை மூன்றை விடுகிறது, 50 எண் சல்லடை இரண்டை. எண்ணைவிடப் பூசும் அளவுதான் முக்கியம். மெல்லிசாகத் தடவினால் சல்லடை கிழிந்த கதைதான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

சரி, சமையலறைப் பொருட்கள்? தயிர் ஈரப்பதம் தரும், கதிரைத் தடுக்காது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன், எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் உடலில் நன்றாகச் சேரும். தோலுக்குக் கொஞ்சம் துணை, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாற்றை மட்டும் தயவுசெய்து பூசாதீர்கள். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் கருந்தழும்பு விட்டுவிடும்.

“நான் கறுப்பு, எனக்குச் சன்ஸ்கிரீன் எதற்கு?” என்று பலர் நினைக்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும், உண்மைதான். ஆனால் மங்கு போன்ற கரும்படலம் மாநிறத்தவருக்கும் கறுப்பானவர்களுக்கும்தான் அதிகம் வருகிறது, வெயில் அதை இன்னும் கருமையாக்குகிறது.