கச்சான் காத்தும் கண்ணாடிக் கட்டடமும்: திருகோணமலை ஆக்கள் கேட்டதும் என்ட பதிலும்

கட்டட வரைபடமும் நகரத் திட்டமிடலும்தான் என்ட தொழில், ஊர் உவர்மலை. டவுனுக்குள்ள புதுக் கட்டடம் வேணுமா மரம் வேணுமா எண்ட வாதம் சூடா நடக்குது, அதில வந்த கேள்விகளுக்கு இது பதில்.

கேள்வி (உப்புவெளித் தம்பி): அக்கா, கண்ணாடி போட்ட மாடிக் கட்டடம் வந்தாத்தானே ஊர் முன்னேறும்? மரம் மரம் எண்டு எல்லாத்தையும் தடுக்கிறது சரியா?

தடுக்கச் சொல்லேல்ல தம்பி, கட்டட்டும், ஆனா திருகோணமலை வெயிலுக்குக் கட்டட்டும். மே மாசம் தொடங்கினா கச்சான், தென்மேற்கால வாற வறண்ட காத்து, அனலா அடிக்கும், பின்னேர வெயில் மேற்கால பதிஞ்சு வரும், அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வச்சா உள்ள வந்த சூடு வெளிய போகாது, பிறகு நாள் முழுக்க ஏசி, ஏசி கக்கிற சூடு றோட்டில நடக்கிற சனத்துக்கு. மொடர்ன் எண்டா கண்ணாடி எண்டு ஆர் சொன்னது? எங்கட நாட்டுக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950 வாக்கிலயே கண்டியில கொங்கிறீற்றோட தும்பறை ஊர்க் கைநெசவுப் பாய் வேலைப்பாட்டையும் சேர்த்து வீடு கட்டினவ. இன்னொரு கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில சின்னக் காணிக்குள்ளயும் நடுமுற்றம் வச்சவர். எங்கட பழைய நாற்சார் வீட்டில முற்றமும் விறாந்தையும் செய்த வேலை அதுதான், காத்து உள்ள வந்து சூடு மேலால போகும்.

கேள்வி (ஓர்ஸ் ஹில் ஐயா): பிள்ளை, பெரிய கட்டடம் வந்தா பச்சை அழியும் எண்டது எழுதாத சட்டம்தானே?

அப்பிடி இல்லை ஐயா. 90களின்ட தொடக்கத்தில தம்புள்ளைக்குக் கிட்ட குளக்கரையில கட்டின கந்தளம ஹோட்டலுக்குப் பெரிய எதிர்ப்பு, குளம் கெடும் காடு அழியும் எண்டு. பாவா மலைச்சரிவோட ஒட்டிக் கட்டினார், 1994இல திறந்தது, இண்டைக்குக் கொடி படர்ந்து தூரத்தில இருந்து பார்த்தா கட்டடம் எது மலை எது எண்டு தெரியாது. அந்த எதிர்ப்பு பிழை எண்டு நான் சொல்லமாட்டன், சனம் கண் வச்சுப் பார்க்கேக்கதான் கட்டுறவையும் கவனமா இருப்பினம்.

கேள்வி (நிலாவெளி அக்கா): கடற்கரையில புல்லும் இன்டர்லொக் கல்லும் போட்டுப் பார்க் எண்டு காட்டினா அது பசுமைதானே?

இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கத்துறன் அக்கா. எங்களுக்கு மழை ஒக்டோபரில இருந்து ஜனவரிக்குள்ளதான் கூடுதலா கொட்டும், நெருக்கிக் கல்லுப் பதிச்ச நிலம் அந்தத் தண்ணியைக் குடிக்காம கானுக்கு அனுப்பிடும், பிறகு ஆடி ஆவணியில புல்லுக்கு ஊத்தத் தண்ணி தேடவேணும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா பிள்ளையோட நிக்க நிழல் இல்லாத இடம் பார்க் இல்லை. கடலுக்குக் கிட்ட பூவரசு, உள்ளுக்கு வேம்பு, புளி, இதெல்லாம் எங்கட மண்ணுக்குத் தாங்கும், ஆனா அடிமரம் வரைக்கும் சீமெந்து பூசி வேரை மூச்சுமுட்ட வைக்கக் கூடாது. உலகத்தில இப்ப 3-30-300 எண்டு ஒரு அளவுகோல் கதைக்கினம், 2021இல நெதர்லாந்து நிபுணர் ஒருத்தர் முன்வச்சது: வீட்டில நிண்டு பார்த்தா 3 மரம், பகுதியில 30 வீதம் மரநிழல், 300 மீற்றருக்குள்ள ஒரு பூங்கா. உங்கட ஒழுங்கையில நிண்டு எண்ணிப் பாருங்க.

கேள்வி (கோட்டைப் பக்கத்துத் தங்கச்சி): மான்கள் என்ன செய்யும் அக்கா?

பிரட்றிக் கோட்டை மான் டவுனுக்குள்ள வந்து பொலித்தீன் தின்னுது, எல்லாரும் பாக்கிறம். மேய்ச்சல் நிலத்தைக் கார் பார்க் ஆக்கினா அது குப்பைக்குத்தான் வரும். கோட்டையைச் சுத்தின வெளியை விடவேணும், அவ்வளவுதான்.

கேள்வி (அதே தம்பி): சரி அக்கா, நாங்க என்ன செய்ய ஏலும்?

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில மனுப் போட்டு பிளானையும் வெட்டப்போற மரங்களின்ட லிஸ்டையும் கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது கட்டினா சூழலுக்கு என்ன நடக்கும் எண்ட ஆய்வு, செய்யிற புரொஜெக்ட் எண்டா பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் இருக்கு, கடற்கரை எண்டா கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ட பேர்மிட் இருக்கா எண்டு கேளுங்க. கொங்கிறீற் ஊத்தினாப் பிறகு போஸ்டர் பிடிச்சுப் பலனில்லை. கண்டியில வட்டப்புளுவ வீட்டுத்திட்டத்துக்கு மினெட் டி சில்வா குடியிருக்கப்போற ஆக்களிட்டக் கேள்வித்தாள் குடுத்துக் கேட்டுட்டுத்தான் வரைஞ்சவ, எங்களிட்டயும் அப்பிடிக் கேக்கச் சொல்லுங்க. முதல் கூட்டத்திலயே, கோடு கீற முன்னம் நிக்கிற மரமெல்லாத்தையும் அளந்து வரைபடத்தில போடச் சொல்லி எழுத்தில குடுங்க, அதின்ட பிரதி ஒண்டு கையில வச்சிருங்க.