லீலில் மூன்றாவது மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பிரான்ஸ் வாழ்க்கை பற்றி எழுதியதைப் படித்துத்தான் எனக்கு இங்கே வரும் தைரியம் வந்தது. சொந்த ஊர் விருதுநகர். லீல் நகரில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் மேலாண்மை முதுகலை சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பாடம் முழுக்க ஆங்கிலம், பிரெஞ்சே வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னார். வகுப்பில் ஆங்கிலம்தான். ஆனால் குரூப் வேலைக்கு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறார்கள். ஸ்லைடை அழகுபடுத்துகிற வேலை மட்டும் என் பக்கம் வருகிறது. முதல் பரீட்சையில் 20க்கு 12. இப்படி நான் வாங்கியதே இல்லை. பார்ட்டிக்குப் போனால் குடிக்காதவன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிய அப்பா ஞாயிறுதோறும் போனில் “வேலைக்கு ஏதாவது வழி தெரியுதா?” என்று கேட்கிறார். எனக்கு இந்த ஊர் சரிப்படாதோ? திரும்பி வந்துவிடலாமா?

பெயரைப் போட வேண்டாம்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 12. பிரான்சில் 10 வாங்கினால் தேர்ச்சி. அவர்களுடைய பள்ளி இறுதித் தேர்வில் 12க்கே ஒரு சிறப்புத் தகுதி உண்டு, 16 வாங்கினால் அதுதான் ‘மிக நன்று’. இருபது கடவுளுக்கு மட்டும் என்று அங்கே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு இருக்கிறது. நம் ஊரில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள் அங்கே போய் முதல் தாளைப் பார்த்ததும் உடைந்துபோவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் இருந்த வருடங்களில் இப்படிப்பட்ட ஒரு பிசினஸ் ஸ்கூலில் மணிக்கணக்குக் கூலிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். உங்கள் 12 நல்ல மார்க். அதை 14 ஆக்க வழி இருக்கிறது. நாம் கேள்வியைப் பார்த்தவுடன் பதிலுக்குப் பாய்வோம். அவர்களுக்குப் பள்ளியிலிருந்தே வேறு பழக்கம்: இந்தக் கேள்விக்குள் இருக்கிற சிக்கல் என்ன என்பதை முதலில் இரண்டு மூன்று வரியில் வைக்க வேண்டும், அப்புறம் ஒரு பக்கத்து வாதம், எதிர்ப் பக்கத்து வாதம், கடைசியில்தான் தன் முடிவு. இந்த வரிசையில் எழுதாத தாளில் எவ்வளவு சரக்கு இருந்தாலும் அது ஆசிரியரின் கண்ணில் படாது. அடுத்த தாளில் முதல் பத்தியை மட்டும் இப்படி எழுதிப் பாருங்கள்.

குரூப் விஷயத்துக்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். உங்களோடு உட்காரும் பிரெஞ்சுப் பையன்களில் பலர் பள்ளி முடித்ததும் ‘ப்ரெபா’ என்கிற தயாரிப்பு வகுப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். இரவு பகல் பாராத படிப்பு, வாராவாரம் வாய்மொழித் தேர்வு, கடைசியில் ஒரு போட்டித் தேர்வு. அதில் தேறி பிசினஸ் ஸ்கூலுக்குள் வந்த முதல் வருடமே சங்கம், விளையாட்டுக் குழு, வரவேற்பு முகாம் என்று ஒன்றாகச் சுற்றியிருப்பார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் முதுகலைக் கட்டத்தில்தான் உள்ளே நுழைகிறார்கள். அதற்குள் நட்பெல்லாம் முடிந்துபோயிருக்கும். இந்த பிசினஸ் ஸ்கூல்கள் பிறந்த கதையையும் பாருங்கள். பாரிஸில் உள்ள ஹெச்.இ.சி. என்கிற பிசினஸ் ஸ்கூலை 1881இல் தொடங்கியது அந்நகரத்து வணிகர் சபை. விருதுநகரில் உறவின்முறை வணிகர்கள் பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தியதைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள், இது உங்களுக்குப் புரியாமல் போகாது. பாடம் சொல்லித்தருவது ஒரு பாதி, தங்கள் ஆட்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக்குவது மறு பாதி. அந்த மறு பாதிக்குள் மூன்று மாதத்தில் நுழைய முடியவில்லை என்றால் அது உங்கள் குறையும் அல்ல, எல்லா நேரமும் அவர்களுடைய கெட்ட எண்ணமும் அல்ல. நிறவெறி இல்லாத நாடு என்று சொல்ல வரவில்லை. அதை நீங்கள் பார்க்கவே செய்வீர்கள். ஆனால் குரூப் மேசையில் நடப்பதில் முக்கால்வாசி சோம்பல்தான். தாய்மொழியில் பேசினால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

ஆகவே சண்டையும் வேண்டாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பாதிப் பேச்சில் நிறுத்தி “ஆங்கிலத்தில் பேசுங்களேன்” என்றால் சரி என்பார்கள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். வேலை தொடங்கும் முதல் நாளே இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் யார் எதைச் செய்வது என்கிற குறிப்பை நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். குறிப்பு எழுதுகிறவனுக்கு எல்லோரும் விளக்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, கணக்குப் பகுதியைக் கேளுங்கள். எக்செல் தாள் உங்கள் கையில் இருக்கிறவரை உங்களை விட்டுவிட்டு யாரும் முடிவெடுக்க முடியாது.

பார்ட்டியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பிடித்தால் போங்கள், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். புது மாணவர்களை வதைப்பது அங்கே 1998இலிருந்து குற்றம், அளவுக்கு மீறிக் குடிக்கத் தூண்டுவதையும் பின்னால் அதே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். குடிக்காதவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் கடிதத்தில் வகுப்பு இருக்கிறது, குரூப் இருக்கிறது, பார்ட்டி இருக்கிறது. லீல் இல்லை. மூன்று மாதமாக நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள், அந்த ஊருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர வேண்டிய ஊர்தான் அது. ஒரு காலத்தில் கம்பளி நூலாலும் துணி ஆலைகளாலும் பிழைத்த வட்டாரம். லீலிலிருந்து மெட்ரோ ஏறினால் வருகிற ரூபேவில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்த மண்ணின் குடும்பங்கள் சில்லறை வணிகத்துக்குத் திரும்பின. ஓஷான் பேரங்காடி 1961இல் ரூபேவில் பிறந்தது. சென்னையில் நாம் விளையாட்டுச் சாமான் வாங்குகிற டெகாத்லான் 1976இல் லீலை ஒட்டிய ஆங்லோவில் முதல் கடையைத் திறந்தது, இன்றைக்கும் தலைமையகம் பக்கத்து வில்நவ் தாஸ்க்கில்தான். தபாலில் துணி விற்றுப் பேர் வாங்கிய லா ரெதூத் 1837இல் ரூபேவில் நூற்பாலையாகத் தொடங்கியது. வியாபாரம் படிக்க வந்தவருக்குப் பாடப்புத்தகத்து உதாரணங்களெல்லாம் மெட்ரோ தூரத்தில் இருக்கின்றன. நீங்களோ விடுதி அறையில் உட்கார்ந்து நண்பர்கள் ஏன் அழைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். நம் பிள்ளைகள் அந்த நேரத்தைப் பெரும்பாலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பதிலோ, நம்மவர் உணவகத்துச் சமையலறையிலோ செலவழிக்கிறார்கள். அவசரத்துக்கு அது தப்பில்லை. ஆனால் முடிந்தால் சனிக்கிழமையில் ஒரு கடையின் கல்லாவிலோ, சாமான் அடுக்குகிற இடத்திலோ வேலை தேடுங்கள். வாடிக்கையாளர் காலணி அளவு கேட்கும்போது உங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாற மாட்டார். ஒரு குளிர்காலம் அங்கே நின்றால் வருகிற பிரெஞ்சு எந்த வகுப்பிலும் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஸெம் சந்தைக்குப் போங்கள். கொத்தமல்லிக் கட்டும் பச்சை மிளகாயும் கிடைக்கும், பேரம் பேசவும் பழகலாம். எங்கே நுழைந்தாலும் முதலில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், அதை நாம் நம் தோலைப் பார்த்துச் செய்வதாக நினைத்துக்கொண்டு வருவோம்.

‘பிரெஞ்சே வேண்டாம்’ என்று சொன்ன ஏஜென்ட் உங்களை ஏமாற்றியிருக்கிறார். 2030க்குள் இந்தியாவிலிருந்து 30,000 மாணவர்களைக் கொண்டுவருவோம் என்று பிரான்ஸ் அறிவித்திருக்கிறது, அதனால் இந்தப் பேச்சு இனி இன்னும் அதிகமாகக் காதில் விழும். பட்டம் வாங்கப் பிரெஞ்சு வேண்டாம்தான். ‘ஸ்தாஜ்’ வாங்கப் பிரெஞ்சு வேண்டும். அங்கே படிப்போடு சேர்ந்த இந்தப் பயிற்சி வேலை வழியாகத்தான் பெரும்பாலோர் வேலைக்குள் நுழைகிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் போனால் சம்பளம் கொடுப்பது கட்டாயம், 2025 கணக்குப்படி குறைந்தது மணிக்கு 4.35 யூரோ. தொகை பெரிதில்லை, அது திறக்கிற கதவுதான் பெரிது. ஆங்கிலத்திலேயே நடக்கிற நிறுவனங்களும் உண்டு, ஆனால் அந்த இடங்களுக்கு உலகத்துப் பிள்ளைகளெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே பள்ளி நடத்துகிற பிரெஞ்சு வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

ஊர் நினைப்பு வந்தால் பாரிஸுக்கு ரயில் ஏறுங்கள், ஒரு மணி நேரம். நீங்கள் இறங்குகிற கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் நடந்தால் லாச்சப்பல். எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உண்டாக்கிய கடைத்தெரு. முருங்கைக்காய், இடியப்பம், தமிழ்ப் பலகைகள், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். இந்தியாவிலிருந்து படிக்க வருகிற சில பிள்ளைகள் அந்தக் கடைக்காரர்களிடம் ஒரு மேட்டிமையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன், எரிச்சலாக வரும். கையில் கடவுச்சீட்டுகூட இல்லாமல் வந்து, பாத்திரம் கழுவி, மொழி கற்று, கடை வைத்தவர்கள் அவர்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு அண்ணனிடம் முதல் வருடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஆனால் வாராவாரம் போகாதீர்கள். அந்தச் செலவும் ஆகும், லீலும் அப்படியே அந்நியமாக இருந்துவிடும்.

காகித வேலைகள் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். முடியாவிட்டால் முதலில் விசாவை இணையத்தில் பதிவு செய்யுங்கள், வந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது அது, நாள் நெருங்கிவிட்டது. அடுத்து மருத்துவக் காப்பீடு. மாணவர்களுக்கு இலவசம், டாக்டர் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். இந்தக் காப்பீட்டுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு போடுகிற அப்போஸ்டில் முத்திரையோடு பிறப்புச் சான்றிதழ் கேட்கக்கூடும், கையில் இல்லையென்றால் ஊரில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டு வாடகை உதவியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களுக்கு அது குறுகிக்கொண்டே போகிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் உங்களை அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பழகிவிடும்.

திரும்பி வருவதைப் பற்றி: எந்த முடிவானாலும் டிசம்பரில் எடுக்காதீர்கள். அந்த மாதத்தில் லீலில் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் விடியும், மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், நடுவில் தூறல். அங்கேயே பிறந்தவர்களுக்கும் மனசு சோர்ந்துபோகும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்குப் போகவே பிடிக்காத நிலை வந்தால் தள்ளிப்போடாமல் உளவியலாளரைப் பாருங்கள். மாணவர்களுக்கென்று அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு 12 அமர்வு வரை காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது மாதத்தில் யாருக்கும் வேலை கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தவணை தொடங்கும். உங்கள் கடன் ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்தாஜ் எந்த மாதம், பட்டம் எந்த மாதம், அப்புறம் வேலை தேட அங்கே தங்க எவ்வளவு காலம் அனுமதி, முதல் தவணை எந்தத் தேதி, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தெரியாததால்தான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா